சந்தனப் பொட்டு வைத்த முன்சக்கரம்

புதிதாக இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திருக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தி என்று வளர்ந்த பம்பாய்ப் பிள்ளைகள். பரவாயில்லை, எழுத்துக்கூட்டியே வாசியுங்கள். வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கடகடவென்று படித்துவிட்டுப் போகிறவன் கையில் எந்த ஓட்டை வண்டியும் பாஸாகிவிடும்.

நான் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சான்பாடாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வேலையில் இருந்தபோது எனக்கு 'ஷக்கி சாஹேப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சந்தேகப் பேர்வழி என்று அர்த்தம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் கேண்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நிற்கும், அதிலேயே புரிந்துகொண்டேன். என் மனைவியும் அவர்கள் கட்சிதான். பால் பாக்கெட்டை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தால், "அதுக்கும் ஒரு ஃபிட்னெஸ் சர்டிபிகேட் எழுதிக் குடுத்துருங்க" என்பாள்.

இதில் எனக்கு வருத்தமே கிடையாது. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் என்றால் ஓர் இளக்காரம் இருக்கிறது. லாரி, டெம்போ என்றால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குனிகிறீர்கள். பதினைந்து வருடம் ஓடிய இரண்டு சக்கர வண்டி பதிவைப் புதுப்பிக்க வந்தால் ஹார்னை ஒரு அழுத்து, லைட்டை ஒரு பார்வை, அவ்வளவுதான். நான் நேர்மாறாகச் சொல்வேன். லாரிக்காரனுக்கு இது பழகிப்போன வேலை. பைக் வைத்திருப்பவன் பதினைந்து வருடம் கழித்து முதல் தடவையாக வருகிறான். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. பரீட்சைக்கு வந்த மாணவனைப்போலப் பயந்துகொண்டே நிற்பான். பயந்தவன் பொய் சொல்வான். அந்தப் பொய்யை வாயால் சொன்னால் பரவாயில்லை, வண்டியில் மாட்டிக்கொண்டு வருவான்.

கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கிற என்ஜினை நான் நம்ப மாட்டேன். எண்ணெய் ஒழுகுகிற இடத்தைத்தான் அப்படி அழுத்தித் துடைப்பார்கள். விக்ரோலியிலிருந்து ஓட்டிக்கொண்டே வருகிறேன் என்று ஒருவர் சொன்னார். என்ஜினில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. வண்டி டெம்போவில் ஏறி வந்து தெருமுனையில் இறங்கியிருக்கிறது. இன்னொருவர் வண்டியில் இருந்த சைடு கண்ணாடியை அதற்கு முந்தைய வாரம் வேறொருவர் வண்டியில் பார்த்திருந்தேன். மூலையில் அதே கீறல். பம்பாயில் இந்தச் சோதனைக்கு 'பாஸிங்' என்று பெயர். பாஸிங்குக்கு மட்டும் கண்ணாடி, டயர், இண்டிகேட்டர் எல்லாம் அரை நாள் வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் உண்டு. சோதனை முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மொட்டை டயரையே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது பல இடங்களில் பிரேக்கை இயந்திரமே சோதிக்கிறதாம். சந்தோஷம். ஆனால் இயந்திரத்துக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. காஜா பாய் என்று ஒருவர் வந்த அன்று இயந்திரம் இருந்திருந்தால், அவர் வண்டி முதல் வகுப்பில் பாஸாகியிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது. ஜூன் மாதம், முதல் மழை பிடித்துக்கொண்ட காலை. முதல் மழையில் பம்பாய் ரோடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடை முழுக்கச் சிந்திய எண்ணெயெல்லாம் மேலே மிதந்து வழுக்கும். மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நனைந்துகொண்டு நின்றன. ஏஜெண்டுகள் என் தலைக்குக் குடை பிடிக்கப் போட்டி போட்டார்கள். அந்தக் குடைகளையும் நான் நம்பியதில்லை.

காஜா பாய்க்குத் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. கடையநல்லூர்க்காரர். தைத்த பைகளை மூட்டை கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போடுவதற்கு இந்த வண்டிதான். புதுப்பிக்காமல் போனால் நாக்காவுக்கு நாக்கா, அதாவது சந்திக்குச் சந்தி, போலீஸ் பிடிக்கும், தொழில் நின்றுவிடும். ஹெட்லைட் மேல் 786 ஸ்டிக்கர். வண்டி வயசுக்கு ஒன்றும் மோசமில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். முன் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. பின் பிரேக் கிழடு, கிளட்ச் கிழடு, செயின் கிழடு. முன் பிரேக் மட்டும் எப்படி இளவட்டமாக இருக்கும்?

குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தின் நடுவே, கம்பிகள் வந்து சேருகிற குடத்தில், காய்ந்துபோன சந்தனம். அதன் மேல் குங்குமம். ஒரு வருஷத்துப் பொட்டு அல்ல, வருஷத்துக்கு ஒன்றாக வைத்து வைத்து ஏடு கட்டியிருந்தது.

"சக்கரம் யாருது பாய்?"

"என்ன சார் இப்படிக் கேக்கிய? நம்ம வண்டில நம்ம சக்கரந்தான்."

"அப்படியா. எந்த வருஷத்துலேர்ந்து ஆயுத பூஜை கும்பிடுதிய?"

அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே அந்தப் பொட்டு கண்ணில் பட்டது. ஆனாலும் ஆள் சமாளித்தார். "பட்டறைல வேல பாக்கிற பயலுவ எல்லாரும் நம்ம ஊர்ப்பக்கந்தான சார். பூஜ அன்னைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வைப்பானுவ. வண்டிக்கும் வச்சிருப்பானுவ."

நல்ல பதில். தாராவியில் அப்படி நடக்கிறதுதான். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள்.

"பொட்டு வைக்கிறவன் ஹெட்லைட்டை விட்டுட்டு, டேங்கை விட்டுட்டு, பின்சக்கரத்தையும் விட்டுட்டு, முன்சக்கரத்துக்கு மட்டும் வைப்பானா பாய்?"

அவர் தலையைச் சொறிந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மூன்றாவது கேள்வியிலேயே எல்லாம் கொட்டிவிட்டது. சக்கரம் முருகேசனுடையது. முருகேசன் பட்டறைக்கு எதிர்வீடு, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். இரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டி வைத்திருக்கிறார்கள். காலையில் இருவரும் சேர்ந்துதான் சக்கரத்தை மாற்றியிருக்கிறார்கள். வாடகை எல்லாம் இல்லை, சிநேகத்துக்குக் கொடுத்தது.

என் வேலை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஃபெயில் என்று எழுதி, அடுத்த வண்டி என்று கை காட்டிவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் என் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் அடங்குகிற ஜாதி இல்லை.

"உங்க சக்கரம் இப்ப எங்க?"

"முருகேசன் வண்டியில சார்."

"வண்டி எங்க?"

"வீட்டு வாசல்ல. இன்னைக்கு வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டான்."

"எடுக்காத வண்டிக்கு எதுக்குப் பாய் சக்கரம்?"

முன்சக்கரம் இல்லாமல் தெருவில் நிறுத்தினால் மிச்சத்தையும் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்றார். அதுவும் நியாயமான பதில்தான். இருந்தாலும் அவர் முகம் மாறிவிட்டது. நான் கேட்ட கேள்வியை அவரே உள்ளுக்குள் ஒரு தரம் கேட்டுக்கொண்டார் என்று தெரிந்தது.

"உங்க சக்கரத்துல என்ன கோளாறு?"

"பிரேக் ஷூ தேஞ்சு போச்சு சார். இரும்போட இரும்பு உரசுது. லேசாப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது. அமுக்கிப் பிடிச்சா ஒரேயடியாக் கவ்விக்கிடும், சக்கரம் சுத்தாது. எனக்குப் பழக்கம், முன் பிரேக்கத் தொடவே மாட்டேன்."

"முருகேசன்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"கொஞ்சம் கரகரன்னு சத்தம் வரும்னு சொன்னேன்."

ஈர ரோட்டில் முன்சக்கரம் அப்படிக் கவ்வினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. காஜா பாய்க்கும் தெரிந்திருந்தது. ஃபோனை எடுத்து முருகேசனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார். மூன்றாவது தடவை அவர் விரல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. ஃபோனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அடிக்காதீங்க! ஓட்டிக்கிட்டு இருந்தா, ஃபோனை எடுக்க என்ன செய்வாரு? பிரேக்கைப் பிடிப்பாரு!"

அவருக்கு வியர்த்துவிட்டது. மழையிலும் அது தெரிந்தது. முருகேசனின் மனைவி செல்வியைக் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அவுக வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாவ அண்ணே. செம்பூர்ல ஒரு விசேஷ வீட்டுல மாவு பத்தலன்னு ஃபோன் வந்துச்சு. டின்ன ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டு, மீனாவையும் பின்னால ஏத்திக்கிட்டுப் போறாவ. அவ காலேஜ் அந்தப் பக்கந்தான? என்னண்ணே, ஏதும் விஷயமா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் காஜா பாய். குரலைக் கேட்டால் எல்லாமே இருந்தது.

எனக்கு அப்போது உண்மையிலேயே பயம் வந்தது. சொல்ல வெட்கமில்லை. இரண்டு பக்கமும் கனத்த மாவு டின், பின்னால் மகள், போகிற வழியில் சயன் தாண்டினால் பாலம், பாலத்துக்கு இறக்கம் உண்டு. ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் எனக்குப் பழக்கம், அந்தப் பக்கம்தான் டியூட்டி. அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாமா என்று முதலில் யோசித்தேன். போலீஸ் திடீரென்று குறுக்கே கை நீட்டினால் யாருக்குமே கை தானாகப் பிரேக்குக்குத்தான் போகும். காப்பாற்றப் போய் நாமே தள்ளிவிட்ட கதையாகிவிடும். வேண்டாம் என்று விட்டேன்.

மிச்சம் இருந்தது மகள்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவள் ஃபோனை எடுக்கலாம். செல்வியிடம் எண்ணை வாங்கி, என் ஃபோனிலிருந்து நானே அடித்தேன். பொய் சொல்லவே வராத மனுஷனிடம் இந்தப் பேச்சை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"மீனாவா? நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்மா. உங்க அப்பா வண்டி விஷயமா..."

"அச்சா? ஆர்.டி.ஓ.வா? ஃபைன் சலான் இருக்கு, லிங்க் அனுப்புறேன், அதானே? தமிழ்லயும் ஆரம்பிச்சுட்டீங்களா? போலீஸ்ல குடுத்துருவேன், பாத்துக்கோ!"

வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன். போகவில்லை. என் எண்ணைத் தடை செய்துவிட்டாள்.

வாழ்நாள் முழுக்க ஊரையே சந்தேகப்பட்டவன் நான். என்னை ஒரு கல்லூரிப் பெண் ஒரே மூச்சில் மோசடிக்காரன் என்று முடிவுகட்டிவிட்டாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இனி காஜா பாயின் ஃபோன்தான். அந்த எண் அவளுக்குத் தெரியும். ஆனால் என்ன பேசுவது? பிரேக் சரியில்லை, நிறுத்தச் சொல் என்றால் அவள் அலறுவாள், அப்பன் பதறி அமுக்குவான். பதறாமல், மெதுவாக, தானாக ஓரம் கட்டுகிற மாதிரி ஒரு காரணம் வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று மீனாவைச் சொல்லச் சொல்லலாமா என்றேன். காஜா பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வேண்டாம் சார். மகளுக்கு ஒண்ணுன்னா அவன் அப்பவே நிறுத்துவான். மாவு. மாவுன்னா மெதுவா நிறுத்துவான்."

நான் ஏன் என்று கேட்பதற்குள் அவர் அழைத்துவிட்டார். இந்த முறை அவர் குரலில் நடுக்கமே இல்லை. தெருவில் நின்று ஊர்க்கதை பேசுகிற மாதிரிப் பேசினார்.

"ஏ மீனா, காஜா மாமா பேசுதேன். உங்க பின்னாலதான் வாரேன். டின்னு மூடி லேசாத் தெறந்து கெடக்கு, மாவு சிந்துது. அப்பாட்ட சொல்லு, ஒரேயடியா நிறுத்துனா மொத்தமும் கொட்டிரும். ஆக்சிலேட்டர விட்டுட்டு, உருட்டிக்கிட்டே போயி, மெதுவா ஓரமா நிறுத்தட்டும். பிரேக்க மட்டும் தொட வேண்டாம்னு சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் அப்பாவிடம் கத்துவது கேட்டது. பிறகு காற்று. யாரோ ஹார்ன் அடித்தார்கள். ஒரு பஸ் உறுமிக்கொண்டு தாண்டிப் போனது. காஜா பாய் ஃபோனைக் காதில் வைக்கவில்லை, இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சக்கரத்தில் இருந்த பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காற்றுச் சத்தம் குறைந்தது. என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"நின்னாச்சு மாமா" என்றாள் மீனா. கொஞ்சம் பொறுத்து, "மூடி நல்லாத்தான இருக்கு? ஒரு சொட்டு சிந்தலையே!"

"சிந்தலையா பாப்பா?" என்றார் காஜா பாய். ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, அந்த ஈரத்தரையிலேயே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "சிந்தலையாம் சார். ஒரு சொட்டு சிந்தலையாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்து ஏஜெண்டுகள் தாங்களாகவே அவர் தலைக்குக் குடை பிடித்தார்கள். அந்தக் குடையை மட்டும் நான் நம்பினேன்.

வண்டியை ஃபெயில்தான் செய்தேன். இதில் சந்தேகம் வேண்டாம். அவர் அழுதார் என்பதற்காகப் பாஸ் போட்டிருந்தால் நீங்கள் இதைப் படிக்கிற நேரம் வீண். அவரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மாற்றி மாட்டிய சாமானைக் கண்டுபிடிப்பது பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. இரண்டு வருஷம் மைதானத்தில் நின்றால் யாருக்கும் கண் பழகிவிடும். கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாம் நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் தப்பு. நல்ல சாமான் உங்கள் முன்னால் நிற்கிறது என்றால், கெட்டது வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே, அதன் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஃபெயில் எழுதுங்கள். வரிசையில் நிற்கிறவன் திட்டினால் திட்டட்டும்.

அடுத்த வாரம் காஜா பாய் திரும்ப வந்தார். அவருடைய சொந்தச் சக்கரம், புது ஷூ. ஓட்டிக் காட்டினார். சரியாக நின்றது. நான் பேனாவைத் திறந்துவிட்டு, வழக்கம்போல, "முருகேசன் வண்டி இப்ப எங்க இருக்கு பாய்?" என்றேன்.

"கேப்பியன்னு தெரியும் சார். கையோட கூட்டிட்டே வந்துட்டேன்." வாசல் கேட் பக்கம் கை காட்டினார்.

முருகேசன் தன் வண்டியின் அருகில் நின்று கும்பிட்டார். பொட்டு வைத்த சக்கரம் அதனிடத்தில் இருந்தது. இருந்தாலும் போய்க் குனிந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நிமிர்ந்தபோது எதிரில் ஒரு பெண், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஃபோன் பண்ணது நீங்கதானா அங்கிள்?"

"ஆமாம்மா."

"ஐடி கார்டு இருக்கா?"

"ஏ புள்ள!" என்று முருகேசன் பதறினார். நான் அவரைக் கையமர்த்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி முன்னால் பார்த்தாள், திருப்பிப் பின்னால் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்டோல மீசை இருக்கே" என்றாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.